கட்டுரை வகுப்புக்குள் ஆராய்ச்சியாளரை விடலாமா?

சிவப்புமை எழுதியது:

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். எட்டு, ஒன்பது, பத்து எடுக்கிறேன். கல்வியியலில் பி.எச்டி செய்யும் ஒருவர் போன வாரம் பள்ளிக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுதும் திறனை வளர்ப்பது பற்றித்தான் அவருடைய ஆய்வு. காலாண்டு முடிந்ததிலிருந்து முழு ஆண்டு வரை வாரம் ஒருநாள் வகுப்புக்கு வரலாமா என்று கேட்கிறார். தலைமையாசிரியர் "உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிவிட்டார்.

தயங்கக் காரணம் இருக்கிறது. சில வருஷம் முன்பு வேறொருவர் இதே மாதிரி வந்தார். முன்தேர்வு ஒன்று வைத்தார், அவரே அச்சடித்து வந்த பயிற்சித் தாள்களைக் கொடுத்தார், கடைசியில் பின்தேர்வு. பிள்ளைகள் எழுதியதையெல்லாம் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனவர்தான். என்ன தெரிந்தது, எதில் முன்னேற்றம், எதில் இல்லை என்று ஒரு சேதி கிடையாது. அந்தப் பயிற்சித் தாள் ஒன்றுகூட இன்றைக்கு என் வகுப்பில் புழக்கத்தில் இல்லை.

ஆனால் பிரச்சினை என்னவோ உண்மைதான். 'மரம் வளர்ப்போம்' என்று தலைப்புக் கொடுத்தால் முக்கால்வாசி நோட்டில் ஒரே முன்னுரை, கைடில் இருக்கிற முன்னுரை. பாடநூலில் குறிப்புச் சட்டகம் கொடுத்திருக்கிறார்கள். அதிலுள்ள தலைப்புகளையே கொஞ்சம் இழுத்து வாக்கியமாக்கி நிரப்பிவிடுகிறார்கள். கட்டுரை எழுத வைப்பதற்கு நமக்கு பி.எட்.டில் பாடத்திட்டக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளை யோசனையிலிருந்து வாக்கியத்துக்கு எப்படி வருகிறது என்பதை யாரும் சொல்லவில்லை.

ஒப்புக்கொள்வதென்றால் என்ன நிபந்தனை வைக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_மணியடி எழுதியது:

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். வேண்டாம் என்பேன். டயட்டிலிருந்து (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) வருவார்கள், செயலாராய்ச்சி என்பார்கள், அதாவது வகுப்பிலேயே ஒரு முறையைச் செய்து பார்க்கும் சிறு ஆய்வு. பி.எட். பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கும் ஒரு செயலாராய்ச்சி. எல்லா அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் பின்தேர்வில் மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் வந்த அறிக்கை ஒன்றை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அதுவே சந்தேகத்துக்கு இடம்.

---

நூலகத்தெரு எழுதியது:

ஐயா சொன்ன கடைசி வரிக்கு, ஆய்வுப் பக்கம் இருப்பவள் என்ற முறையில், நானும் கைதூக்குகிறேன். தானே பயிற்சி கொடுத்து, தானே கேள்வித்தாள் போட்டு, தானே திருத்தினால் மதிப்பெண் கூடத்தான் செய்யும்.

ஆனால் ஆய்வே வேண்டாம் என்பது வேறு. கர்நாடகத்தில் யாதகிரி, மகாராஷ்டிரத்தில் வாடா, இந்த இரண்டு வட்டாரங்களிலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை கவனித்த ஆய்வு ஒன்று ஷைலஜா மேனன் தலைமையில் நடந்து 2017இல் வெளியானது. ஒன்று கன்னடம், மற்றது மராத்தி. எழுத்து வகுப்பு என்ற பெயரில் அங்கே நடந்ததில் பெரும்பகுதி பலகையைப் பார்த்து எழுதுவதும் சொல்வதை எழுதுவதும்தான். தன் மனதில் இருப்பதைத் தானே எழுதும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு மிக அரிதாகவே கிடைத்தது. யாரோ ஒருவர் வகுப்பின் ஓரத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து குறித்ததால்தான் இதை அழுத்தமாகச் சொல்ல முடிகிறது. 40 பிள்ளைகளை மேய்த்துக்கொண்டே இதையும் குறித்து வைக்க ஆசிரியரால் முடியாது.

சிவப்புமை சார், வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் ஆய்வுக் கேள்வியை மாற்றத் தயாரா?" தயார் என்றால் மேலே பேசலாம்.

---

ஓக்லாந்து_மழை எழுதியது:

கலிஃபோர்னியாவில் ஒரு பொதுப்பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இங்கே இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது, அதில் நானும் ஒரு கோடை இருந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1974இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் தொடங்கியது. அவரே முன்பு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்ற புலம்பல் அப்போது பலமாக இருந்தது. இந்த மாதிரி சமயத்தில் பேராசிரியர்கள் போய் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுப்பதுதான் வழக்கம். கிரே அப்படிச் செய்யவில்லை. நன்றாக எழுத வைக்கிறார்கள் என்று பெயரெடுத்த 25 ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, நீங்கள் வகுப்பில் செய்வதை மற்றவர்களுக்குச் செய்து காட்டுங்கள் என்றார். அப்புறம் இன்னும் இரண்டு வேலை: ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து படிப்பது, தாங்களே எழுதி ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது.

மூன்றாவதுதான் ஆளைப் புரட்டிப் போடும். எழுதச் சொல்லிக்கொடுக்கும் நம்மில் எத்தனை பேர் எழுதுகிறோம்? அரைப்பக்கம் எழுதி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் பேனாவை எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், சிவப்பு வட்டம் வாங்கும் பிள்ளைக்கு என்ன இருக்கும் என்று தெரிகிறது.

பெர்க்லியில் தொடங்கியது நாடு முழுக்கப் பரவி, இன்று தேசிய எழுத்துத் திட்டம் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. 1991 முதல் மத்திய அரசின் நிதி வந்தது. 2011இல் அந்த நேரடி நிதி நின்றது. அதன்பிறகும் மூடாமல் ஓடுகிறது.

பழைய_மணியடி ஐயா, இதையும் வெளியார் சோதித்தார்கள். 10 மாநிலங்களில் 44 கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி மாவட்டங்களின் ஆசிரியர்களுக்கு மட்டும் இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 45 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு. மதிப்பிட்டது திட்டத்துக்கு வெளியே இருந்த ஆய்வு நிறுவனம். சான்று காட்டி வாதம் எழுதுவதில், பயிற்சி கிடைத்த மாவட்டங்களின் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். 45 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். ஒருநாள் பயிற்சி, மதியம் சாப்பாடு, கையெழுத்து, வீட்டுக்குப் போ என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

---

பழைய_மணியடி எழுதியது:

அம்மா, அங்கே ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?

---

ஓக்லாந்து_மழை எழுதியது:

என் வகுப்பில் 29, ஐயா. நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரிகிறது.

---

சிவப்புமை எழுதியது:

அந்தக் கணக்கை நானே போட்டுவிடுகிறேன். எனக்கு நான்கு பிரிவு, மொத்தம் 160 நோட்டு. நோட்டுக்கு மூன்று நிமிஷம் என்றால் 8 மணி நேரம். மூன்று நிமிஷத்தில் ஒற்றுப்பிழைக்கு வட்டம் போடலாம், 'ள'வை 'ழ' ஆக்கலாம், கீழே கையெழுத்துப் போடலாம். இந்தப் பத்தியில் நீ என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்க முடியாது. இடையில் எமிஸில் (பள்ளி விவரங்களுக்கான அரசு இணையதளம்) ஏற்ற வேண்டியது தனி.

அதனால் ஆராய்ச்சியாளர் வந்து புது முறை ஒன்று சொன்னால், முதலில் எனக்குத் தோன்றுவது "யார் திருத்துவது?" என்பதுதான். ஆய்வுக் கட்டுரை எதிலும் இந்தக் கேள்வி வருவதாகத் தெரியவில்லை.

---

கம்பங்கூழ் எழுதியது:

நான் ஆரம்பப் பள்ளி. எங்கள் ஒன்றியத்தில் ஒரு கல்வி ஆய்வாளரோடு நாங்கள் ஐந்தாறு டீச்சர்கள் ஓர் ஆண்டு சேர்ந்து வேலை செய்தோம். சிவப்புமை சார் கேட்டதற்கு நேரடியாக அதிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

அவர் வந்து முறை எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை கூடுவோம், ஆளுக்கு நான்கு நோட்டு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் எல்லா நோட்டையும் படிப்போம். முதல் ஒரு மணி நேரம் பிழையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. இந்தப் பிள்ளை என்ன சொல்ல முயற்சி செய்திருக்கிறது என்று மட்டும்தான் பேசலாம். முதல் தடவை பெரும் அவஸ்தை. கை தானாகப் பேனாவுக்குப் போகும்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மாட்டுப்பொங்கல் பற்றி எழுதியிருந்தான். "எங்கள் ஊரில் மாட்டுப்பொங்கல் சீரும் சிறப்புமாகக் கொண்டாடப்படுகிறது. மாடுகளைக் குளிப்பாட்டி வண்ணம் பூசி மகிழ்வார்கள்." பிழை ஒன்றும் இல்லை, பத்துக்கு எட்டுப் போட்டிருந்தோம். அந்த ஆய்வாளர்தான் "இவன் வீட்டில் மாடு உண்டா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை அவன் டீச்சர் கேட்டிருக்கிறார், உண்டு என்றானாம். அதைப் பற்றி எழுதேன் என்று விட்டார். அடுத்த சனிக்கிழமை வந்த நோட்டில் இருந்தது: "எங்க மாட்டுக்கு ஒரு கொம்புதான். அப்பா அதுக்கு ஊதா பெயிண்டு அடிச்சார். இன்னொரு பக்கம் கொம்பு இல்லாத இடத்துல பொட்டு வெச்சார். மாடு தலைய ஆட்டி அப்பா சட்டை பூரா ஊதா."

பிழை எண்ணிக்கை கூடியிருந்தது. பழைய கணக்கில் ஐந்துகூடத் தேறாது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் எது நல்ல எழுத்து என்பதில் சந்தேகம் இல்லை. இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதில்தான் அடிதடி. நாங்கள் நிஜமாகவே வேலை செய்ய ஆரம்பித்தது அந்தச் சண்டைக்குப் பிறகுதான்.

---

நன்னூலடியான் எழுதியது:

மன்னிக்க வேண்டும். "அடிச்சார்", "வெச்சார்", "தலைய" எல்லாம் நல்ல எழுத்து என்று ஆசிரியரே சொன்னால், பத்தாம் வகுப்புத் தேர்வுத்தாளில் அவன் இதையே எழுதுவான். திருத்துபவர் மாட்டின் கொம்பைப் பார்க்க மாட்டார். இலக்கணம் வேண்டாம் என்று சொல்லும் ஆய்வுகள் மேற்கிலிருந்து வருகின்றன என்பதும் தெரியும். 25 ஆண்டுகளாக இலக்கணம் நடத்துகிறேன்.

---

கம்பங்கூழ் எழுதியது:

ஐயா, அதையே அவன் அடுத்து எழுத்துத் தமிழில் மாற்றி எழுதினான். "அடித்தார்", "வைத்தார்". மாடு அப்படியே இருந்தது, ஊதாவும் இருந்தது. சொல்ல ஒன்று இருக்கும்போது நடையை மாற்றுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதலில் பேச்சில் வரட்டும், இரண்டாவது படியில் நடையைப் பார்ப்போம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். மூன்றாம் வகுப்புக்கு இது ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவை எழுதச் சொன்னாலே அழுகை.

---

நூலகத்தெரு எழுதியது:

இலக்கணம் பற்றி நன்னூலடியான் ஐயா குறிப்பிடும் ஆய்வு எது என்று ஊகிக்கிறேன். ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. நான்கிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, எழுத்தை மேம்படுத்த எந்த முறை எவ்வளவு உதவியது என்று பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அந்த முறை இல்லாத வகுப்புகளோடு ஒப்பிட்டால் எழுத்துத் தரம் எவ்வளவு கூடியது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள்: 0 என்றால் பயனில்லை, எண் கூடினால் பயன் கூடுதல், மைனஸ் என்றால் பின்னடைவு. திட்டமிடுவது, திருத்தி எழுதுவது முதலிய உத்திகளைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதற்கு 0.82. இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவதற்கு எழுத்துத் தரத்தில் மைனஸ் 0.32. இந்த மைனஸ்தான் எல்லா மேடையிலும் ஒலிக்கிறது.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்வோர் குறைவு. சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சிக்கு 0.50. உதாரணமாக, "மழை பெய்தது. ஏரி நிரம்பவில்லை. வாய்க்கால் தூர்ந்திருந்தது." இந்த மூன்றையும் ஒன்றாக்கச் சொல்வது: "மழை பெய்தும், வாய்க்கால் தூர்ந்திருந்ததால் ஏரி நிரம்பவில்லை." இது இலக்கணம் இல்லாமல் வேறென்ன, ஐயா?

இன்னொரு எண்ணும் சிவப்புமை சாருக்கு முக்கியம். வரைவு எழுதி, பேசி, திருத்தி எழுதும் முறை இருக்கிறதே, அதற்கு ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி கிடைத்த இடங்களில் 0.46. பயிற்சி இல்லாமல் "இப்படிச் செய்யுங்கள்" என்று விட்ட இடங்களில் 0.03. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முறை அதேதான், ஆசிரியரோடு யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் வேறு.

---

நன்னூலடியான் எழுதியது:

தனிவாக்கியத்தைக் கலவை வாக்கியமாக மாற்றுக என்று நம் பாடநூலில் மொழிப்பயிற்சியே இருக்கிறது. இரண்டு மதிப்பெண்ணுக்கு நடத்துகிறோம். அதைக் கட்டுரை நோட்டுக்குள் கொண்டுபோவது பற்றி யாரும் பேசியதில்லை. மாணவனே எழுதிய மூன்று வாக்கியத்தை எடுத்து இணைக்கச் சொன்னால், எச்சம் எதற்கு என்று அவனுக்கு விளங்கும். சரி, இந்த ஒன்றை ஏற்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சோதனைகளில் தமிழ் எத்தனை?

---

நூலகத்தெரு எழுதியது:

பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஐயா. அதனால்தான் வகுப்பறையில் இருப்பவர்கள் வேண்டும் என்கிறேன். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள மொழியில் முதல் வரைவு எந்த நடையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஆங்கில ஆய்வில் விடை தேடிப் பயனில்லை. கம்பங்கூழ் டீச்சர் சொன்னது ஒரு விடை. ஐந்தாம் வகுப்பில் சரி, மூன்றில் இல்லை என்று எல்லையையும் சேர்த்துச் சொன்னாரே, அந்த மாதிரி விஷயம் வெளியிலிருந்து வருபவருக்குத் தானாகக் கிடைக்காது.

---

மாடிப்படி எழுதியது:

தனியார் மெட்ரிக் பள்ளி ஆசிரியை. எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள், பொதுத்தேர்வை யாரும் தொடவில்லை. கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை எல்லாம் இருக்க வேண்டும். கைடு முன்னுரை எழுதுகிற பிள்ளைக்கு மதிப்பெண் வருகிறது. அது முட்டாள்தனமில்லை, அந்தப் பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. எங்கள் நிர்வாகத்திடம் "சொந்தமாக எழுத வைக்கிறோம்" என்றால் "ரிசல்ட் என்ன ஆகும்?" என்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் வகுப்பறைக்கு வருவதற்கு முன்னால் திருத்தும் முகாமுக்குப் போகட்டும்.

---

சிவப்புமை எழுதியது:

நியாயம்தான். ஆனால் அதே வினாத்தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' இருக்கிறது. அதற்குக் கைடு உதவாது, படம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பேந்தப் பேந்த விழிப்பதும் அங்கேதான். நிர்வாகத்திடம் பேச அது ஒரு வழி. ஒன்பதாம் வகுப்பை நான் தேர்ந்தெடுப்பதற்கும் இதுதான் காரணம், பத்தில் யாரும் கைவைக்க விடமாட்டார்கள்.

---

ஓக்லாந்து_மழை எழுதியது:

மதிப்பெண் விஷயத்தில் எங்கள் திட்டத்தார் செய்யும் ஒன்று உங்களுக்கு ஒத்துவரலாம். ஆண்டுத் தொடக்கத்தில் எழுதியதும் கடைசியில் எழுதியதும், பெயர், பள்ளி, தேதி எல்லாம் நீக்கி ஒன்றாகக் கலக்கப்படும். எது முன், எது பின், எது பயிற்சி பெற்ற வகுப்பு என்று திருத்துபவருக்குத் தெரியாது. திருத்துவதும் ஆசிரியர்கள்தான், ஆனால் தங்கள் வகுப்புத் தாள் அவர்களிடம் வராது. உள்ளடக்கம், அமைப்பு, நிலைப்பாடு, வாக்கிய ஓட்டம், சொல் தேர்வு, மொழி மரபு என்று ஆறு கோணத்தில் தனித்தனி மதிப்பெண். ஒரே தாளை இரண்டு பேர் பார்த்து, ஒருவர் 5 போட்டு மற்றவர் 2 போட்டால் அதன் மீது பேச்சு நடக்கும். ஒற்றைக் கொம்பு மாட்டுக்கு உள்ளடக்கத்தில் 6, மொழி மரபில் 2 என்று போட்டுவிட்டால் உங்கள் அடிதடியில் பாதி முடிந்தது.

பழைய_மணியடி ஐயாவின் சந்தேகத்துக்கும் இது பதில். தாள் எந்தப் பக்கத்தது என்று தெரியாதபோது "கூடியிருக்கிறது" என்று ஜோடிக்க முடியாது.

---

பழைய_மணியடி எழுதியது:

இது பரவாயில்லை. பெயரை மறைத்தாலும் கையெழுத்து தெரியுமே?

---

ஓக்லாந்து_மழை எழுதியது:

வேறு பள்ளி ஆசிரியர் திருத்தினால் தெரியாது, ஐயா. தட்டச்சு செய்தும் கொடுக்கலாம். அந்த வேலை ஆராய்ச்சியாளருடையது, ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது.

---

சிவப்புமை எழுதியது:

அவரிடம் நேற்றுப் பேசிவிட்டேன். நீங்கள் சொன்னதை வைத்து நான் கேட்டது இவ்வளவு. ஆய்வுக் கேள்வி என் வகுப்பிலிருந்து வர வேண்டும்: முதல் வரைவைப் பேச்சு நடையில் எழுத விட்டால் ஒன்பதாம் வகுப்பில் உள்ளடக்கம் கூடுகிறதா, இரண்டாம் வரைவில் நடை சரியாகிறதா. வாரம் ஒரு நாள் 40 நோட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்து இருவரும் படிப்பது. அவர் படிப்பதில் வட்டம் போடக் கூடாது, பக்க ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுத வேண்டும். தாள்களின் நகல் பள்ளியில் இருக்க வேண்டும், அசலும் திரும்ப வர வேண்டும். முடிவு நன்றாக இல்லாவிட்டாலும் எங்கள் சி.ஆர்.சி கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) அவரே வந்து சொல்ல வேண்டும். கட்டுரையாக வெளியிட்டால் என் பெயரும் சேர்ந்து வர வேண்டும். இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் கேட்டுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒன்றில் மட்டும் இழுபறி. ஒப்பிட்டுப் பார்க்க 'ஆ' பிரிவை வழக்கம்போல விட்டுவிட வேண்டும் என்று அவருடைய வழிகாட்டி சொல்கிறாராம். அதுவும் என் பிள்ளைகள்தானே? ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பிரிவுக்கு ஆய்வுக்காக இல்லை என்று எப்படிச் சொல்வது?

---

நூலகத்தெரு எழுதியது:

அரையாண்டு வரை 'அ' பிரிவுக்கு, அரையாண்டுக்குப் பிறகு 'ஆ' பிரிவுக்கு என்று மாற்றி வைக்கலாம், சார். அரையாண்டில் இரண்டையும் ஒப்பிடலாம், வருஷக் கடைசியில் இரண்டு பிரிவுக்கும் கிடைத்திருக்கும். வழிகாட்டிகள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் ஏற்பாடுதான் இது. ஆனால் முதல் பிரிவில் கற்றதை நீங்கள் இரண்டாம் பிரிவில் உங்களையறியாமல் முன்கூட்டியே செய்துவிடுவீர்கள், அதையும் அவர் எழுதி வைக்க வேண்டும்.

---

சிவப்புமை எழுதியது:

கண்டிப்பாகச் செய்துவிடுவேன், எனக்கே தெரியும். சரி, அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.

பெற்றோருக்கு ஒப்புதல் கடிதம் தமிழில் கொடுக்க வேண்டுமாம். அவர் அனுப்பிய மாதிரியைப் பத்திர எழுத்தர்தான் படிக்க முடியும். எளிய நடையில் யாரிடமாவது இருக்கிறதா?

---

கம்பங்கூழ் எழுதியது:

எங்களுடையது அரைப்பக்கம்தான், சார். தனிமடலில் அனுப்புகிறேன். ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.